ட்ரைபாடை எங்கே ஊன்றுவது

திண்டிவனம் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில். பாரதத் திருவிழாவின் கடைசி நாள்; விடிந்து வெயில் ஏறத் தொடங்கும் நேரம். கோயிலுக்கு எதிரே உள்ள வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். களிமண் உடம்பு, வண்ணம் பூசிய முகம், முறுக்கு மீசை, அகல விரித்த கைகால். ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய களைப்பில், அரிதாரம் வியர்வையில் வழிய, பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடுகிறார்கள். பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. பீமன் கதையை ஓங்கித் தொடையில் ஒரு போடு போடுகிறார். உள்ளே புதைத்து வைத்த செந்நீர் வழிகிறது. பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிக்கிறாள். ஆற அமரப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடுகிற காட்சி.

இப்போதெல்லாம் அதைப் படம் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. லோக்கல் சேனல்காரர், யூடியூப் பையன்கள், ஒரு டிரோன், போதாக்குறைக்கு நூறு செல்போன். அத்தனை பேரும் நிற்பது ஒரே இடத்தில்: துரியோதனனின் தலைமாட்டில். முகம் அங்கேதானே இருக்கிறது! அவர்கள் முதுகுக்குப் பின்னால், கையில் துடைப்பமும் முறமுமாகக் காந்தாரி வருகிறாள். ஒப்பாரியும் ஏச்சும் கேலியும் கலந்த இன்னொரு காட்சி தொடங்குகிறது. அதுவும் முடிந்ததும் கூட்டம் மண்ணுடம்பின் மேல் விழுந்து ஆளுக்கொரு பிடி அள்ளுகிறது. வீட்டுக்கு நல்லது, விளைச்சலுக்கு நல்லது என்று முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள். கேமராக்காரர்களில் பாதிப் பேர் அதற்குள் டீக்கடையில் இருப்பார்கள்.

ஆவணப்படத்துக்கு மானிடவியலாளர் எதற்கு என்று கேட்டால், விளக்கம் சொல்வதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் புத்தக அலமாரி தெரிய, 'இந்தச் சடங்கு எதைக் குறிக்கிறது என்றால்' என்று பேசவைப்பது. அந்த வேலைக்கு அவர் தேவையே இல்லை. அவர் தேவைப்படுவது முந்தின நாள் சாயங்காலம். நாளைக்குக் காந்தாரி எந்தச் சந்திலிருந்து வருவாள், மண் அள்ளுகிற கூட்டம் எந்தப் பக்கம் கலையும், எந்தப் பெண்ணுக்குச் சாமி வரக்கூடும், ட்ரைபாடை எங்கே ஊன்றினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்தவர் அவர். இந்த அத்தியாயம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றியது.

ஆய்வாளரும் கேமராவும் சேரும் இந்தக் கூட்டு விழுப்புரம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. அமெரிக்கச் சமய வரலாற்று அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1970களின் நடுவிலிருந்து செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி கோயில்களைச் சுற்றி வந்தவர். திண்டிவனமும் செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியும் அவருடைய முக்கியமான களங்கள். பழைய செஞ்சி மேலச்சேரிதான். அங்கே ஆண்ட சுநீத ராஜாவுக்கு உதவ, நூறு தலை அசுரனை அழிக்கத் திரௌபதி இரண்டாம் முறை பிறந்து வந்தாள் என்பது இந்தப் பக்கத்து ஐதீகம். வியாச பாரதத்தில் இல்லாத கதை. அம்மனுக்குக் காவல் நிற்கும் போத்துராஜாவும் முத்தால் ராவுத்தனும் அந்தப் பாரதத்தில் கிடையாது. ராவுத்தன் என்ற இஸ்லாமியக் காவல் தெய்வம் ஏன் திரௌபதி கோயில் வாசலில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு போன ஹில்டெபெய்டல், பாரதப் பிரசங்கம் செய்யும் பாரதியார்களிடமும் கூத்து வாத்தியார்களிடமும் பூசாரிகளிடமும் உட்கார்ந்து கேட்டதெல்லாம் 1988இலும் 1991இலும் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக இரண்டு தடித்த தொகுதிகளாயின. அதே 1988இல் 'லேடி ஆஃப் ஜிஞ்ஜி' என்ற பெயரில் செஞ்சி வட்டாரத் திரௌபதி திருவிழாக்களைப் பற்றி இரண்டு பாக வீடியோப் படமும் வெளிவந்தது.

படம் வகுப்பறைக்காகச் செய்யப்பட்டது; சினிமா ரசிகருக்கு அதில் பெரிய விருந்து ஒன்றும் இல்லை. ஆனால் புத்தகமும் படமும் ஒரே களத்திலிருந்து கிளம்பிய விதம் கவனிக்கத்தக்கது. இன்று அங்கே கேமராவோடு போகிற ஒருவருக்கு அந்த இரண்டு தொகுதிகளும் தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு ஷாட் லிஸ்ட். அவ்வளவு ஆங்கிலம் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள், புதுச்சேரியில் இருந்துகொண்டு தமிழிலேயே மானிடவியல் எழுதிவரும் பக்தவத்சல பாரதியின் 'தமிழர் மானிடவியல்' நூலிலிருந்து தொடங்கலாம். கையில் கேமரா எடுப்பதற்கு முன் இரண்டில் ஒன்றையாவது படித்திருப்பது, ஊரில் முதல் கேள்வி கேட்கும்போதே தெரிந்துவிடும்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒருவர் வந்தார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த சசிகாந்த் அனந்தாச்சாரி, தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் விழாக்களையும் கூத்தையும் பற்றி 'கேளாய் திரௌபதாய்' என்ற நீண்ட ஆவணப்படத்தை எடுத்தார். ஹில்டெபெய்டல் ஆய்விலிருந்து கேமராவுக்கு வந்தவர். அனந்தாச்சாரி கேமராவிலிருந்து களத்துக்குப் போனவர். இருவரையும் ஒரே ஊரில் ஒரே சமயத்தில் வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கூட்டு முயற்சி என்று நாம் சொல்வது.

உலக அளவில் பார்த்தால் இது நூறு வருஷத்துக் கதை. 1898இல் டாரஸ் நீரிணைக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவோடு ஆல்ஃபிரட் ஹாடன் ஒரு சினிமா கேமராவையும் எடுத்துப் போனார். அப்போது சினிமாவுக்கே வயது மூன்று. 1970இல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி தொடங்கிய 'டிஸப்பியரிங் வேர்ல்ட்' வரிசை இதை ஒரு முறையாகவே ஆக்கியது: அந்த மக்களோடு ஏற்கெனவே வாழ்ந்து பழகிய ஆய்வாளர் ஒருவர், அவர் பின்னால் ஒரு சிறு படக்குழு. நமக்குப் பக்கத்து உதாரணம் இலங்கையின் கதிர்காமம். 1973இல் அந்த வரிசையில் வந்த படத்துக்கு இயக்குநர் சார்லி நைர்ன், மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. முருகனும் கதரகம தெய்வமுமாக ஒரே சாமியை இரு இனத்தாரும் கும்பிடும் இடத்தில், எந்தப் பக்தரின் பின்னால் போவது என்று சொல்ல ஊர் தெரிந்த ஒருவர் இருந்தார்.

இனி நடைமுறை.

முதல் சிக்கல் நேரம். இயக்குநரிடம் கால்ஷீட் இருக்கிறது, கேமரா வாடகை நாளுக்கு ஓடுகிறது. ஆய்வாளருக்கு ஒரு வருஷம் போனாலும் போகட்டும். இருவரும் ஊர்ப் பெரியவரிடம் போய் நிற்கும் காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

“ஐயா, அர்ச்சுனன் தபசு எத்தன மணிக்குங்க?”

“அது ஏறும்போது ஏறும் தம்பி.”

இயக்குநர் சலித்துக்கொள்வார். ஊர்க்காரர் சரியாகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று டைரியில் எழுதுவார். ஆய்வாளர் கொஞ்சம் பொறுத்து வேறு மாதிரி கேட்பார்.

“மரத்துக்குப் பூசை போட்டப்புறம் ஏறுவாருங்களா, முன்னாடியா?”

“பூச ஆவணும். பொம்பளைங்க தண்ணி ஊத்திக்கிட்டு வந்து சுத்தி உக்காரணும். பூசாரி எலுமிச்சம்பழம் குடுப்பாரு. அப்புறம் விருத்தம் பாடிக்கிட்டேதான் ஏறுவாரு.”

மணி கேட்டால் கிடைக்காதது வரிசை கேட்டால் கிடைக்கிறது. இந்த ஒரு பதிலில் நான்கு ஷாட் இருக்கிறது, நான்கும் எந்த ஒழுங்கில் வரும் என்பதும் இருக்கிறது. தபசு மரம் உயரமான கம்பம். அர்ச்சுனன் வேடக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே மேலே போவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே மடியேந்தி இருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் யார் மடியில் விழுகிறது என்பதுதான் கீழே இருப்பவர்களுக்குப் படம். புதிதாக வந்த கேமராக்காரர் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார். கீழே ஒரு கேமரா வேண்டும். ஆனால் அந்தப் பெண்களின் முகத்தருகே போகாமல், தூரத்திலிருந்து, முடிந்தால் பெண் ஒளிப்பதிவாளர் கையில். குழந்தையில்லை என்று ஊருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை, உலகத்துக்கு முன்னால் உட்காரவைக்க அவர் சம்மதித்தாரா என்பது தனிக் கேள்வி.

ஒரு திருவிழாவைக் கேமரா இல்லாமல் முழுக்கப் பார்த்துவிட்டு, அடுத்த திருவிழாவில் படமெடுப்பது உத்தமம். பணம் இடம் கொடுக்காது என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. பங்குனி, சித்திரை, வைகாசியில் ஒரே கூத்து ஜமா ஊர் ஊராகப் போய் ஆடுகிறது. வில் வளைப்பு, துகில், தபசு, கர்ண மோட்சம் என்று அதே நாடகங்கள். ஒரு ஊரில் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதே ஜமா அடுத்து ஆடும் ஊரில் கேமராவை எடுக்கலாம். கூத்து பெரும்பாலும் மாறாது. சடங்கு ஊருக்கு ஊர் மாறும். அதற்கு இந்தக் குறுக்கு வழி உதவாது.

இரண்டாவது, யாரிடம் கேட்பது. இயக்குநர்கள் வழக்கமாக ஒருவரிடம் அனுமதி வாங்கிவிட்டு ஊரே சம்மதித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். பாரதத் திருவிழா ஒரு ஆள் நடத்துவதல்ல. வரி தண்டி விழா எடுப்பவர்கள் நாட்டாமைகள். கோயில் அறநிலையத் துறைக்கு உட்பட்டதாக இருந்தால் அங்கே ஒரு அதிகாரி. காப்பு கட்டிக்கொள்ளும் பூசாரி வேறு. மத்தியானம் கதை சொல்லும் பாரதியார் வேறு ஊர்க்காரர். கூத்து வாத்தியாரைப் பாக்கு வெத்தலை வைத்து அழைத்திருப்பார்கள். ஊர் அவரை ஆட அழைத்ததே தவிர, அவருடைய பாட்டையும் அடவையும் விற்கிற உரிமை ஊருக்கு இல்லை. எனவே அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், தனியாகப் பணமும் பேச வேண்டும். பம்பைக்காரர்களை மறந்துவிடுவார்கள், சாமி வருவதும் மலையேறுவதும் அவர்கள் கையில். கடைசியாக ரேடியோ செட்காரர். அவரைப் பகைத்துக்கொண்டால் படத்தில் சத்தமே இருக்காது.

ஒலியைப் பற்றி இரண்டு வார்த்தை. கூத்துக் களரிக்கு மேலே தொங்கும் மைக் ஆடுபவர் குரலை எடுத்துக் கூம்பு ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. கேமராவில் இருக்கும் மைக்குக்குக் கேட்பது அந்தக் கூம்பின் இரைச்சல். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயர் வாங்குவது முதல் பாதுகாப்பு. தொங்கும் மைக்குக்குப் பக்கத்திலேயே சின்ன ரெக்கார்டர் ஒன்றைக் கட்டிவைப்பது இரண்டாவது. மூன்றாவதை வாத்தியக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் காலில் கட்ட வேண்டும். முகவீணையும் ஆர்மோனியமும் பின்பாட்டும் அங்கேதான். டியூப் லைட்டும் மலிவு எல்இடி விளக்கும் நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கண் சிமிட்டும். ஷட்டர் 1/50இலோ 1/100இலோ நிற்கட்டும். கணக்கையும் முன்பே போட்டுவிட வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் என்ற தரத்தில் ஒரு மணி நேரம் 45 ஜிபி. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஆடும் கூத்து எட்டு மணி நேரம் என்றால், பத்து ராத்திரிக்கு ஒரு கேமராவுக்கு மட்டும் 3.6 டிபி. இரண்டு பிரதி வேண்டும். ஆய்வாளர் எல்லாவற்றையும் எடு என்பார், இயக்குநர் எது தேவையோ அதை மட்டும் என்பார்; ஹார்ட் டிஸ்க் விலை பார்த்தபின் இருவரும் ஒரு முடிவுக்கு வருவார்கள். நியாயமான ஏற்பாடு ஒன்று: ஒரு கேமரா அசையாமல் நின்று ஒரே ஒரு ராத்திரியை மட்டும் முழுசாகப் பதிவு செய்யும், அது ஆய்வுக்கு. இன்னொரு கேமரா படத்துக்கு.

பணம் பேசும்போது பாஞ்ஞாள் நினைவில் இருக்கட்டும். கேரளத்தில் திருச்சூர் பக்கம் இருக்கிற அந்தக் கிராமத்தில் 1975 ஏப்ரலில் நம்பூதிரிகள் பன்னிரண்டு நாள் அக்னிசயனம் என்ற வேள்வியை நடத்தினார்கள். அதைத் தூண்டி, வெளிநாட்டிலிருந்து பணம் திரட்டியவர் அறிஞர் ஃப்ரிட்ஸ் ஸ்டால். படமெடுத்தவர் ராபர்ட் கார்ட்னர். 1976இல் 'ஆல்டர் ஆஃப் ஃபயர்' வந்தது. அறிஞரும் இயக்குநரும் சேர்ந்த அருமையான கூட்டு என்று புகழப்பட்டது. ஆனால் ஆட்டுப் பலிக்கு வெளியே எதிர்ப்புக் கிளம்பி, ஆட்டுக்குப் பதில் அரிசிமாவு உருண்டை வைக்க நேர்ந்தது. கேமராவும் பணமும் வராமல் இருந்திருந்தால் அந்த வேள்வி அந்த வருஷம் நடந்திருக்குமா என்ற கேள்வியை நாடக ஆய்வாளர் ரிச்சர்ட் ஷெக்னர் எழுப்பினார். நடந்த சடங்கைப் படமெடுத்தார்களா, படத்துக்காகச் சடங்கு நடந்ததா என்று இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. திண்டிவனம் பக்கத்து ஊரிலும் இதே நிலை சின்ன அளவில் வரும். 'நீங்க ஒரு அஞ்சாயிரம் சேத்துக் குடுத்தா இன்னொரு ராத்திரி கர்ண மோட்சம் வெச்சிடலாம்' என்பார்கள். கொடுப்பது தப்பில்லை. ஊர் வரியோடு சேர்த்து ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்து, அந்த ராத்திரி நம் பணத்தில் நடந்தது என்பதைப் படத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, சட்டகத்துக்கு வெளியே நிற்பவர். இதில்தான் ஆய்வாளரின் பேச்சுக்கு இயக்குநர் கண்டிப்பாகக் காதுகொடுக்க வேண்டும். விழுப்புரத்துக்கு அருகிலுள்ள மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன பட்டியல் சாதியினர் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை பலிக்காமல் ஜூன் 7ஆம் தேதி வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. செய்தி இந்தியா முழுக்கப் போனது. தீமிதியின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வருகிற படம் இந்த வட்டாரத்தில் பொய் சொல்கிறது என்றுதான் அர்த்தம். தேர் எந்தத் தெரு வரைக்கும் போகிறது, எந்த இடத்தில் திரும்புகிறது, பறை அடிப்பவர் எங்கே நிற்கிறார், வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை: இவற்றைக் காகிதத்தில் வரைபடமாகப் போடுவது ஆய்வாளரின் பழைய பழக்கம். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு சாயங்காலம் தெருத்தெருவாக நடந்தால், படத்தின் பாதி திரைக்கதை அங்கேயே எழுதப்பட்டுவிடும். அப்படி நடப்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காலனிக்குள் முதலில் போனால் ஊரில் ஒரு பேச்சு, ஊருக்குள் முதலில் போனால் காலனியில் ஒரு பேச்சு. தங்குமிடத்தை இரண்டுக்கும் பொதுவாகத் திண்டிவனத்தில் ஒரு லாட்ஜில் வைத்துக்கொள்வது பல தொல்லைகளைக் குறைக்கும்.

அரவான் திருவிழா நடக்கும் கூவாகம் தனிக் கதை. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்ததிலிருந்து ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் சித்திரைப் பௌர்ணமிக்கு வரும் திருநங்கைகளால் நிரம்புவது விழுப்புரத்து லாட்ஜுகள். அழகிப் போட்டியும் அங்கேதான். உலகத்துக் கேமராக்கள் எல்லாம் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் ராத்திரியையும், மறுநாள் தாலி அறுத்து வளையல் உடைத்து அழும் காலையையும் எடுத்துப் போகின்றன. அரவான் வழிபாட்டை ஆராய்ந்தவர்கள் முப்பது வருஷமாக எழுதிவரும் ஒரு செய்தி அந்தப் படங்களில் தென்படுவதே அபூர்வம்: வேண்டுதலுக்காகச் சுற்றுவட்டார ஆண்களும் சிறுவர்களும்கூட அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அதுவும் சேர்ந்தால் படமே வேறாகிவிடும். அழுகிற முகம் வேண்டுமானால் அழுவதற்கு முந்தின நாளும் அழுத பிறகும் அவரிடம் கேட்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் அங்கே ஏராளம். கூட்டத்தில் எடுத்த ஒரு குளோஸப் எந்த ஊர் டிவியில் எந்த அப்பாவின் கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும்?

இருளர் குடியிருப்புகளுக்குப் போகிறவர்களுக்கும் இதே பாடம், கொஞ்சம் வேறு ருசியில். கேமராவோடு போனதும் பாம்பு பிடித்துக் காட்டச் சொல்வது, எலி வளை தோண்டச் சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாகப் போராடிவருவது சாதிச் சான்றிதழுக்காகவும் மனைப் பட்டாவுக்காகவும், பொய் வழக்குகளுக்கு எதிராகவும். பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் கொடுப்பதில்லை. கோட்டாட்சியர் மட்டத்தில், திண்டிவனத்தில் என்றால் சப்-கலெக்டர் அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். அந்த அலுவலக வராந்தாவில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சேர்க்கைக்காக மனுவோடு காத்திருக்கும் ஒரு தாயை அரைமணி நேரம் எடுப்பது, பாம்பை எடுப்பதைவிடக் கடினமான ஒளிப்பதிவு. 2021இல் வந்த 'ஜெய் பீம்' பார்த்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம்: அதற்கு மூலமான 1993ஆம் வருஷத்து வழக்கின் ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் அவர் இருளர் ஆனார். கதைப் படத்துக்கு அந்த உரிமை உண்டா என்று விவாதித்தார்கள். ஆவணப்படத்தில் விவாதத்துக்கே இடமில்லை. எந்தக் குடி, எந்தப் பிரிவு, அவர்கள் தங்களை என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதை ஆய்வாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்து என்றதும் ஒப்பந்தம். நண்பர்களுக்குள் எதற்கு என்று விட்டுவிடுவார்கள். அமேசான் காட்டு யானோமாமி மக்களைப் பற்றித் திமோத்தி ஆஷும் நெப்போலியன் ஷாக்னனும் சேர்ந்து எடுத்த படங்கள் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டன. அவர்கள் நட்பு மனக்கசப்பில்தான் முடிந்தது. ஒப்பந்தத்துக்கு ஒரே ஒரு பக்கம் போதும். கடைசி வெட்டு யார் கையில், எடுத்த மொத்தக் காட்சியும் யாரிடம் இருக்கும், ஆய்வாளர் அதை வகுப்பில் காட்டலாமா, எந்தக் காட்சியை நீக்கச் சொல்லும் உரிமை யாருக்கு, டைட்டிலில் பெயர் எந்த வரிசையில். இவை தமிழில், இருவர் கையெழுத்தோடு, முதல் ஷாட்டுக்கு முன்னால்.

ஆஷும் ஷாக்னனும் எடுத்த 'தி ஆக்ஸ் ஃபைட்' இன்னொரு விஷயத்துக்கும் பார்க்க வேண்டிய படம். 1971 பிப்ரவரியில் கண்முன்னே வெடித்த ஒரு சண்டை. என்ன காரணம் என்று முதலில் காதில் விழுந்ததை அவர்கள் நம்பினார்கள். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. 1975இல் வந்த படத்தில் வெட்டாத காட்சி முதலில் ஓடுகிறது, தப்பான ஊகமும் அப்படியே கேட்கிறது. அதன் பிறகுதான் உறவுமுறை விளக்கமும் வெட்டிக் கோத்த பதிப்பும். களத்தில் ஆய்வாளர்கூட முதலில் புரியாமல் நிற்பார் என்பதை மறைக்காத படம். எதிர்முனையில் கார்ட்னரின் 'ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்' (1986). காசியின் ஒரு நாள். விளக்கக் குரல் இல்லை, சப்டைட்டிலும் இல்லை. கூட இருந்த மானிடவியலாளர் ஆகோஷ் ஓஷ்டர் அதற்குச் சம்மதித்தவர். மற்ற மானிடவியலாளர்கள் கொதித்துப் போனார்கள். திரௌபதி விழாவுக்கு எது பொருந்தும்? தமிழ்ப் பார்வையாளருக்கு என்றால் பாரதியாரின் பிரசங்கமே விளக்கக் குரல். அவரைவிட நன்றாக யாரும் சொல்லிவிடப் போவதில்லை. வெளியூருக்குப் போகும் பிரதிக்கு மட்டும் சப்டைட்டில் போதும்.

பின்னணி இசை சேர்க்கக் கை அரிக்கும் எடிட்டருக்கு ஃபிரெஞ்சு மானிடவியலாளர் ஜான் ரூஷின் அனுபவத்தைச் சொல்லலாம். நைஜர் நதியில் நீர்யானை வேட்டையைப் படமாக்கி, வேட்டைக்காரர்களின் இசையையே விறுவிறுப்புக்காகச் சேர்த்து, அவர்களிடமே திரையிட்டார். இவ்வளவு சத்தம் போட்டால் நீர்யானை ஓடிவிடாதா என்று அவர்கள் கேட்டார்கள். ரூஷ் அந்த இசையை எடுத்துவிட்டார்.

திரையிடலுக்குத் திண்டிவனத்துப் பக்கம் நல்ல நாள் என்பது அடுத்த திருவிழாவுக்குக் காப்பு கட்டுவதற்கு முன் வரும் ஒரு சனிக்கிழமை. ஒரு புரொஜக்டர், ஒரு வெள்ளை வேட்டி, அதே ரேடியோ செட்காரர். சாயங்காலம் ஏழரைக்குமேல்தான் பெண்கள் வேலை முடித்து வருவார்கள். இறந்துபோனவர் யாராவது படத்தில் இருக்கிறாரா என்று முன்பே விசாரித்து அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஓடும்போதே 'இது போன வருஷத்து துரியோதனன் இல்ல, அதுக்கு மொத வருஷம்' என்று யாராவது குரல் கொடுப்பார்கள். ஆய்வாளர் இருட்டில் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். முழுப் படமும் யாருக்கும் வேண்டியிருக்காது. பம்பைக்காரர் தான் அடித்த பகுதியை மட்டும் கேட்பார், அர்ச்சுனன் வேடக்காரர் மரம் ஏறியதை மட்டும். ஆளுக்கொரு சின்னக் கோப்பாக முன்பே வெட்டிவைத்து, பென் டிரைவில் பெயர் எழுதி எடுத்துப் போனால், அங்கேயே அவரவர் செல்போனுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாத பையன்கள் ப்ளூடூத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள்.